சிக்கனக் கணினிக்கு ஐந்திலக்கணம்

மேசைக் கணினி என்பது மேசை இல்லாத வீட்டிலும் வாங்கப்படும் ஒரு பொருள். அதன் சிக்கன வகை, "முப்பதுக்குள்ள முடிச்சிருங்க" என்ற வாக்கியத்தோடு வாங்கக் கிளம்பும் வகை. 'முப்பது' என்றவிடத்து 'ஆயிரம்' தொக்கி நின்றது. கடைசியில் கொடுப்பது முப்பத்தாறு ஆனாலும் இலக்கணம் முப்பதுக்கே சொல்லப்படும்.

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்துப் பேரூராட்சியான அரிமளத்தில் இந்தக் கொள்முதல் எப்படி நடக்கிறது, எப்படி நடந்தால் காசு வீணாகாது என்பதே இந்த ஆய்வின் எல்லை. வடக்கே புதுக்கோட்டை, தெற்கே காரைக்குடி. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கணினிக் கடை உண்டு. மொழிக்கு எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்திலக்கணம் வகுத்தவர்கள் கணினிக்கு வகுக்காமல் போனதற்குக் காரணம், அவர்கள் காலத்தில் கரண்ட் இல்லை என்பது மட்டுமே. அக்குறை இங்கே தீர்க்கப்படுகிறது.

எழுத்து

விலைச்சீட்டில் முதலில் கண்ணில் படுவது ஐ3, ஐ5, ஐ7 என்னும் குறி. பரீட்சை மார்க்கைப் போல இது கூடக்கூட நல்லது என்று ஊரார் கொள்கின்றனர். சிக்கனக் கணினி வரலாற்றில் இதைவிட அதிகம் பணம் தின்ற நம்பிக்கை வேறில்லை. குறியை அடுத்து ஒரு சிறு கோடும், கோட்டை அடுத்து சில இலக்கங்களும் வரும். யாரும் வாய்விட்டுப் படிக்காத அந்த இலக்கங்களில்தான் ப்ராசசரின் ஜாதகம் இருக்கிறது.

ஜாதகம் பார்க்கும் முறை எளிது. கடைசி மூன்று இலக்கங்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சுவது தலைமுறை. 12100-இல் மிஞ்சுவது 12, பன்னிரண்டாம் தலைமுறை. 8500-இல் 8. 2600-இல் 2. மறைத்தபின் எதுவுமே மிஞ்சவில்லை என்றால் அது முதல் தலைமுறை; கட்டைவிரலை எடுக்காமலே கடையை விட்டு வெளியேறிவிடலாம். (2023-க்குப் பின் வந்த சில இன்டெல் பெயர்களில் இந்த விதி செல்லாது. அவை பெரும்பாலும் முப்பதுக்குள் வராதவை என்பதால் புறனடையாக விடப்படுகின்றன.)

'ஐ-செவன் சிஸ்டம், பத்தாயிரம்தான்' என்று ஒரு அட்டை தொங்கினால் அதனுள்ளே இருப்பது பெரும்பாலும் ஐ7-2600 போன்ற ஒன்று. அது 2011-இல் வெளிவந்தது. 2022-இல் வந்த ஐ3-12100 அதை எளிதாக முந்தும். கரண்டையும் குறைவாகக் குடிக்கும். பதினோரு வருடத் தம்பியிடம் அண்ணன் தோற்பது குடும்பங்களில் நடக்காததல்ல. அரிமளம் நகரத்தார் ஊர்களில் ஒன்று. ஒன்பது கோயிலில் எது, அதில் எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெளியாமல் சம்பந்தம் பேசாத ஊரில், முப்பதாயிரம் கொடுத்து வீட்டுக்கு அழைத்துவரும் ப்ராசசரிடம் தலைமுறை கேட்கக் கூச்சப்படுவது ஆய்வாளருக்கு விளங்காத புதிர்.

தலைமுறைக் கேள்வி வெறும் கௌரவப் பிரச்சினையும் அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் தகுதி இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே ஆறும் ஏழும் ஆகிய தலைமுறைகள் இப்போது ஏக மலிவு. நன்றாக ஓடுகின்றன, தோற்றத்திலும் குறையில்லை, ஆனால் எதிர்காலம் இல்லை. எட்டு என்பதே செகண்ட்ஸ் சந்தையில் எல்லைக்கல்.

எண்ணுக்குப் பின் ஓர் எழுத்து வருவதும் உண்டு. அதற்குத் தனி விதி வேண்டும். இன்டெலில் 12100 என்பது படம் காட்டும். 12100எஃப் படம் காட்டாது. எஃப் வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகும்வரை மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். அதாவது எஃப் ஓர் எதிர்மறை விகுதி. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையிலோ 5600 படம் காட்டாது, 5600ஜி காட்டும். அங்கே ஜி உடன்பாட்டு விகுதி. ஒரு கம்பெனியில் எழுத்துச் சேர்ந்தால் போகிறது, இன்னொன்றில் எழுத்துச் சேர்ந்தால் வருகிறது. எஃப் வகை ஓரிரு ஆயிரம் மலிவாக இருப்பதால், விகுதி அறியாத சிக்கனவாதி அதையே எடுப்பார். அந்த லாபத்தைப்போலப் பல மடங்கை கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டுவார்.

சொல்

மேசைக்கடியில் நிற்கும் பெட்டிக்கு ஊர் வழக்கில் 'சிபியு' என்று பெயர். உண்மையில் அது உள்ளே இருக்கும் தீப்பெட்டிக்கும் சிறிய சில்லின் பெயர். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வந்ததால் இது சினையாகுபெயர். பெயரைப் பெட்டி எடுத்துக்கொண்டதால் சில்லுக்கு 'ப்ராசசர்' என்று வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. 'மெமரி' என்பது பலபொருள் ஒருசொல். கடைக்காரர் "மெமரி ஐநூத்திப் பன்னெண்டுண்ணே" என்பார், வாங்குபவர் மகிழ்வார். அது பொருட்களை வைக்கும் பரணின் அளவு. வேலை செய்யும் மேடையின் அளவு ரேம். அது 4 ஜிபி மட்டுமே என்பது வீட்டுக்கு வந்து நான்கு யூடியூப் பக்கம் திறந்தபின் தெரியும். 8 ஜிபிக்குக் கீழே இறங்குவது சிக்கனம் அல்ல, தவணைமுறைத் துன்பம்.

இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் தகுதி வழக்கு மூன்றும் கடையில் செழிப்பாக உண்டு. பழையது என்று சொல்லாமல் 'ரீஃபர்பிஷ்டு' என்பது இடக்கரடக்கல். செத்துப்போன மதர்போர்டைப் பற்றி "போர்டு போயிருச்சுண்ணே" என்பது மங்கலம். "ஓஎஸ் நாங்களே போட்டுத் தந்துருவோம்" என்பது குழூஉக்குறி. விலை கொடுக்காத விண்டோஸ் என்று விரித்துக்கொள்க. "பில்லு போடணுமாண்ணே?" என்ற கேள்வி, 18 சதவீத ஜிஎஸ்டியைக் கடப்பதற்கான மென்மையான அழைப்பு. பில்லும் பாக்ஸும் இல்லாவிட்டால் பொதுவாக 3 வருடம் வரும் ப்ராசசர், மதர்போர்டு வாரண்டியைக் கேட்கப் போகும்போது வாய் வறண்டுபோகும் என்பதை அந்தக் கேள்வி சொல்லாது.

விலை கொடுத்து விண்டோஸ் வாங்கினால் முப்பதில் பத்துக்கு மேல் அதற்கே போய்விடும். லினக்ஸ் போட்டு இந்தச் செலவைத் தவிர்ப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்த காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் இயந்திரங்களிலும் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது. மாணவர்கள் அதை ஒருமுறை தவறுதலாகத் திறந்து, பயந்து மூடினார்கள். பட்டா-சிட்டா எடுக்கவும், டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பிக்கவும், படம் பார்க்கவும் லினக்ஸ் போதும். டேலி கற்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு விண்டோஸ். ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் கணினிகள் பலவற்றில் அசல் உரிமம் போர்டிலேயே பதிந்து வரும். அவற்றின் பக்கம் சாய்வதற்கு அது ஒரு நியாயமான காரணம்.

மூலநூலைவிட உரைகளே பெருகுவது இத்துறையிலும் உண்டு. ஒரு வீட்டுக்கு மூன்று உரையாசிரியர் என்பது குறைந்த கணக்கு. பெங்களூரில் ஐடியில் இருக்கும் சித்தப்பா மகன். சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் உரை செய்யும் மச்சான். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டே யூடியூப் விமர்சனங்களைக் கரைத்துக் குடித்த மகன். முதலாமவர் "லேப்டாப் எடுத்திருக்கலாமே பெரியப்பா" என்பார். இரண்டாமவர் அங்கத்து விலையை டாலரில் சொல்லிப் பெருமூச்சு விடுவார். மூன்றாமவர் படிப்புக்கென்று தொடங்கி கிராபிக்ஸ் கார்டில் முடிப்பார். பணம் கொடுக்கும் அப்பா இம்மூவருக்கும் இடையில் நின்று, மானிட்டர் பெரியதாக இருக்கட்டும் என்று ஒரு நான்காம் உரை காண்பார். இறுதியில் ஏற்கப்படுவது பெரும்பாலும் அதுதான்.

பொருள்

பொருள் என்பது இங்கே இருபொருளிலும் பணம். அம்மன் காசு என்னும் செப்புக்காசைத் தானே வெளியிட்டுப் புழங்கிய தொண்டைமான் சமஸ்தானத்து மண் இது. சில்லறையின் அருமையைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் கணினியில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் புறப்பொருளுக்கே காசு போகிறது. அகப்பொருளில் முதலிடம் எஸ்எஸ்டிக்கு. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றிவிட்டு, பட்டனைத் தட்டி, காபி போட்டுக் கொண்டுவந்து, ஆற்றிக் குடித்து முடித்தாலும் அந்த வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். உரிப்பொருள் இருத்தல், திணை முல்லை. அதே கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினால் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கல்யாண வீடியோ வைக்க வைத்துக்கொள்ளலாம்.

முதற்பொருளான நிலத்துக்கும் பங்கு உண்டு. செம்மண்ணும் தைலமரக் காடும் சூழ்ந்த ஊர் இது. பங்குனி சித்திரையில் திறந்த முற்றம் உள்ள வீட்டில் புழுதி ப்ராசசர் விசிறியில் செம்பட்டு நெய்துவிடும். செட்டிநாட்டு வீட்டின் வளவில் காற்று நன்றாக வரும் இடம் என்று முற்றத்து ஓரம் கணினி வைத்தால் கோடையில் தூசியும் ஐப்பசியில் சாரலும் உறுதி. இரண்டாம் கட்டு நல்லது. அங்கே பிளக் பாயிண்ட் இருப்பதில்லை என்பது தனிச் சிக்கல். பெயிண்ட் அடிக்கும் பழைய பிரஷ் ஒன்று தூசு தட்டப் போதும்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவதை முன்கூட்டியே அறிவிக்கும். அறிவிக்காமல் போகும் கரண்டுக்குத்தான் யுபிஎஸ். 600 விஏ என்று அட்டையில் இருப்பது வழக்கமாக 360 வாட். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. புதிதாக இருக்கும்போது அது பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். சேவ் செய்துவிட்டு அணைக்கத்தான் அந்த நேரம், படத்தின் கிளைமாக்ஸைப் பார்த்து முடிக்க அல்ல. யுபிஎஸ்ஸை 'பிறகு பார்க்கலாம்' என்று கழித்த வீட்டில், விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் கரண்ட் போகும். அங்கே திணை நெய்தல், இரங்கல். மின்கட்டணத்தைப் பற்றிய பயம் மிகை. மானிட்டரோடு 80 வாட் இழுக்கும் கணினியை நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 24 யூனிட். வீடுகளுக்கு இலவசமாக விடப்படும் 100 யூனிட்டில் நாலில் ஒரு பங்கு அது.

செலவே இல்லாத வகை ஒன்றும் உண்டு. பேட்டரி செத்து, மூடி ஆடி, அலமாரியில் கிடக்கும் அரசு மடிக்கணினியை எடுத்து மானிட்டரோடு இணைத்தால், அது பதவி இறக்கம் பெற்று மேசைக் கணினியாகிவிடும். வேகம் பழசுதான். ஆனால் விண்ணப்பமும் பாட்டும் ஓடும்.

யாப்பு

யாத்தல் என்றால் கட்டுதல். கடைமொழியில் அசெம்பிள் செய்தல். சீரும் சீரும் சேரத் தளை வேண்டும். ப்ராசசரும் போர்டும் சேர சாக்கெட் வேண்டும். 12100 ஏறுவது எல்ஜிஏ1700-இல். 5600ஜி ஏறுவது ஏஎம்4-இல். டிடிஆர்4 ரேமை டிடிஆர்5 துளையில் வைத்தால் நடு வெட்டு இடம் மாறி நிற்கும். அழுத்தினால் தளை தட்டும், பிறகு போர்டும் போயிருக்கும். ரேம் துளை இரண்டே உள்ள போர்டில் 4-ம் 4-மாகப் போட்டால் படம் சற்று வேகமாகும். ஒரே 8-ஆகப் போட்டால் பின்னால் இன்னொன்றுக்கு இடமிருக்கும். 2025-இன் கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் இரண்டாவதை அப்போதே வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் அங்கலாய்ப்பு.

நகரத்து ஆபீஸ்கள் கழித்துவிட்ட ஆப்டிபிளெக்ஸ், ப்ரோடெஸ்க், திங்க்சென்டர் வகைக் குட்டிப் பெட்டிகள் உறுதியானவை. எட்டாம் தலைமுறையாக இருந்தால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றில் பல தமக்கே உரிய எஸ்எம்பிஎஸ் (கரண்ட் தரும் பெட்டி), தமக்கே உரிய போர்டு கொண்டவை. பழுதானால் பொதுச் சாமான் பொருந்தாது. அதே மாடல் இன்னொன்றை எங்காவது தேட வேண்டும்.

அணி

கேபினட்டில் ஏழு நிறத்தில் சுழலும் விளக்கு அணி. அதனால் வேகம் கூடுவதில்லை, கொசு கூடுகிறது. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் '500 வாட்' என்று அச்சிட்டிருப்பது பல சமயம் உயர்வு நவிற்சி அணி. கையில் தூக்கிப் பார்த்தால் காற்றாக இருக்கும், நல்லது கனக்கும். 80 பிளஸ் முத்திரை உள்ளதைத் தன்மை நவிற்சி எனலாம். அதற்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதற்காக மகன் கேட்ட விளக்கை வெட்டுவது சரியான முடிவு. அந்த முடிவு எடுக்கப்பட்ட வீடுகள் அரிது.

வாங்கியதைக் கொண்டுவருவதும் அணியின்பாற்படும். பஸ்ஸில் மானிட்டர் பெட்டியை மடியில் செங்குத்தாக வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், இந்தப் பொறுப்பை அம்மாவிடம் ஒப்படைப்பது சிக்கன நூலோர் துணிபு. வீட்டுக்கு வந்ததும் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். பிறகு அப்பத்தா ஒரு துவைத்த துண்டை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்துவார். சூடு வெளியேறும் துளைகளை அது சரியாக மூடும். கணினி ஓடும்போது துண்டை எடுக்க வேண்டும் என்பதை யாராவது ஒருவர் தினமும் சொல்ல வேண்டியிருக்கும். தெர்மாகோலோடு அட்டைப்பெட்டிகள் பரணுக்கு ஏறும். வாரண்டி முடிந்தபின் அவற்றில் நவராத்திரிக் கொலு பொம்மைகள் வைக்கப்படும்.