சுளுக்கா, ஜவ்வா?

கபடிக்காரன், வடுவூர்

கே: கணுக்கால் ஜவ்வு கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது. துளை போட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் சீக்கிரம் களமிறங்கலாமா?

ப: எம்.ஆர்.ஐ. சொல்வது இருக்கட்டும், உங்கள் கால் என்ன சொல்கிறது? ஜவ்வு கிழிந்த கணுக்கால்களில் பெரும்பாலானவை கத்தி படாமலே தேறிவிடும். 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில், புனேயில், ஹர்திக் பாண்டியா பந்தைக் காலால் தடுக்கப் போய் விழுந்தாரே, அந்த ஓவரின் மீதி மூன்று பந்துகளை விராட் கோலி வீசினாரே, அதுவும் கணுக்கால் ஜவ்வுதான். ஆபரேஷன் இல்லாமலே 2024 ஐ.பி.எல்.லில் ஆடினார்.

இல்லத்தரசி, சங்கரன்கோவில்

கே: இரட்டைப் பிள்ளை பெற்றவள் உருவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்கிறார் மாமியார். உண்மையா?

ப: லேசான சுளுக்கு நாலு நாளில் தானாகவே போகும், பேர் மட்டும் அந்த அம்மாவுக்கு. ஆனால் வீங்கிய கணுக்காலை அழுத்தி உருவினால் கிழிசலும் ரத்தக்கசிவும் கூடும். எலும்பு தப்பியதா என்பதுதான் முதல் கேள்வி. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-ல் அதற்கொரு சுலபமான வழி சொன்னார்கள். நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ தொட்டால் வலிக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே. மாமியாரிடம் ஒட்டாவா என்று சொல்லிப் பாருங்கள், வெளிநாட்டு வைத்தியத்துக்கு மரியாதை உண்டு.

ஹீல்ஸ் பிரியை, கோவை

கே: குதிகால் உயர்ந்த செருப்புக்கும் கணுக்காலுக்கும் என்ன பகை?

ப: பாதத்தின் மேல் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். குதிகாலைத் தூக்கினால் குறுகலான பக்கம்தான் மூட்டுக்குழிக்குள் வரும், பிடிமானம் தளரும். அந்த நேரம் பாதம் உள்பக்கம் மடிந்தால் வெளிப்பக்க முன் ஜவ்வு முதலில் அறுபடும். மிச்சத்தைச் சாலைப் பள்ளம் பார்த்துக்கொள்ளும்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்

கே: இரண்டு வருடமாகக் கால் அடிக்கடி பிசகுகிறது. படியிறங்கவே பயம். எனக்காவது ஆபரேஷன் உண்டா?

ப: முறையாக மூன்று மாதமாவது பிசியோதெரபி செய்தீர்களா? 'செய்தேன்' என்பவர்களில் பலர் க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு டிவி பார்த்தவர்கள். ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவதும், கணுக்காலின் வெளிப்பக்கத் தசைகளை வலுவாக்குவதும்தான் பயிற்சி. அதற்குப் பிறகும் கால் நழுவினால் நீங்கள் ஆபரேஷனுக்குத் தகுதியான ஆள்.

அந்த ஆபரேஷனைத் துளை வழியே செய்யலாம், ஒருகாலத்தில் முடியாது என்றார்கள். 1931-ல் நியூயார்க் மருத்துவர் மைக்கேல் பர்மன், கணுக்கால் மூட்டு மிகக் குறுகியது, உள்ளே பார்க்கும் கருவி நுழையாது என்று எழுதினார். அன்றைய குழாய்கள் அப்படி. இன்று 2.7 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமரா ஒரு துளையில், கருவி இன்னொன்றில். துளை போடும் இடத்தருகே தோலுக்கடியில் ஒரு நரம்பு ஓடுகிறது; அதைத் தவிர்ப்பதில்தான் மருத்துவரின் கைத்திறன். முதலில் குருத்தெலும்பில் அடி இருக்கிறதா, உதிர்ந்த துணுக்கு கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வெளிப்பக்க எலும்பில் நூல் கோத்த சிறு ஆங்கரைப் பதித்து, தளர்ந்த ஜவ்வை இழுத்துக் கட்டுவார்கள். அடிப்படை யோசனை 1966-ல் ஸ்வீடன் மருத்துவர் புரோஸ்ட்ரோம் செய்த தையல்தான்; அவர் தோலைத் திறந்து செய்தார். ஜவ்வு நைந்தே போயிருந்தால் வேறொரு தசைநாணை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்

கே: விபத்தில் நண்பருக்குக் கணுக்கால் மூட்டே விலகிவிட்டது. துளை போதுமா?

ப: அது அவசரம். மூட்டு விலகினால் எலும்பும் கூடவே முறிந்திருப்பதுதான் வழக்கம்; ரத்த ஓட்டம் தடைபடலாம், மேலுள்ள தோல் செத்துப்போகலாம். வழியில் யாரும் இழுத்து நிமிர்த்த வேண்டாம். அசையாமல் கட்டி மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே முதல் வேலை மூட்டை அதன் இடத்தில் உட்கார வைப்பது. முறிவுக்குத் தகடு, திருகு வைக்கத் தோலைத் திறந்தே ஆகவேண்டியிருக்கும். கேமரா அதற்குத் துணைக்குப் போகும், பதிலாக அல்ல.

அவசரக்காரன், மதுரை

கே: எனக்கு ஆபரேஷன் முடிந்தது. ரெண்டே ரெண்டு தையல்! பத்து நாளில் பைக் எடுக்கலாமா?

ப: தையல் ரெண்டு வெளியே. உள்ளே கட்டிய ஜவ்வுக்குத் துளையின் அளவு தெரியாது. ஆற சுமார் ஆறு வாரம், துள்ளி விளையாட மூன்று நான்கு மாதம். பைக் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவையுங்கள். பின்சீட்டில் உட்காருவதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.