கடல் இல்லாத ஊரிலிருந்து சவுண்ட் சர்வீஸ் சித்தப்பாவுக்கு

பிராக்,
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சித்தியிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த பத்தியை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

இந்த செக் நாட்டுக்குக் கடலே கிடையாது. இங்கே பண்டிகை மீன் என்றால் குளத்தில் வளர்த்த கெண்டைதான். கிறிஸ்துமஸ் நெருங்கியதும் தெருமுனையில் பெரிய தொட்டிகளை வைத்து உயிரோடு விற்கிறார்கள். வாங்கிப்போய் குளியல் தொட்டியில் நீந்தவிடுகிற வீடுகளும் உண்டு. பண்டிகை வருவதற்குள் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிடும். பெயர் வைத்த மீனை எந்த மனசோடு குழம்பு வைப்பது? சிலர் ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்களாம். நம் தூத்துக்குடித் திரேஸ்புரம் கரையில் சீலாவும் ஊளியும் ஏலம் போவதைப் பார்த்து வளர்ந்தவன் இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

"படமெடுக்கப் போனவன் கேமராவைத் தொட்டானா?" என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தொட்டேன். ஆனால் அதைவிட அதிக நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் ஃபாமு திரைப்படப் பள்ளி 1946இல் தொடங்கியது. மிலோஷ் ஃபோர்மன், யிர்ஷி மென்ஸல், வியேரா கித்திலோவா எல்லாரும் படித்த இடம். ஒலிக்கென்றே தனித்துறை வைத்திருக்கிறார்கள். பள்ளி இருப்பது ஆற்றங்கரையில்; அந்தக் கரைக்கு ஸ்மெத்தனா என்ற இசையமைப்பாளரின் பெயர். அவர் 1874இல் காது முழுக்கக் கேட்காமல் போன பிறகுதான் இந்த ஆற்றைப் பற்றிய புகழ்பெற்ற இசையை எழுதி முடித்தார். அவருக்குக் காது போன பின்னும் ஆறு கேட்டிருக்கிறது. எங்களுக்கு இரண்டு காதும் இருக்கின்றன, பாடம்தான் ஏறமாட்டேன் என்கிறது.

அந்தப் பாடங்களில் ஒன்றைச் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சியே காட்டாத ஒரு நடிகரின் முகம். அதை அடுத்து ஒரு கிண்ணம் சூப். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. மறுபடி அதே முகம். அடுத்து ஒரு பெண். முதலில் பசி, பிறகு துக்கம், அப்புறம் ஆசை, என்னமாய் நடித்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் மெச்சினார்களாம். எங்கள் வகுப்பில் இதையே சத்தத்தை வைத்துச் செய்யச் சொன்னார்கள். தம்பி செல்போனில் எடுத்து அனுப்பிய துறைமுகக் காட்சி என்னிடம் இருந்தது: தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல், அசைவே இல்லை. அதற்கு நாதஸ்வரம் சேர்த்துப் போட்டேன். "மாப்பிள்ளை வந்து இறங்குகிறார்" என்றார்கள். ஒரு பெண்ணின் விசும்பலைச் சேர்த்தேன், "யாரோ ஊரைவிட்டுப் போகிறார்கள்." ஒரே ஒரு ஈ பறக்கும் சத்தம்; "கப்பலில் எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள்" என்று பின்வரிசைப் பெண் பயந்துபோனாள். அது அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்க முறைக்குக் காத்து நிற்கிற கப்பல் என்பது தூத்துக்குடிக்காரனுக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை.

படம் காட்டியது ஒரு கப்பலை. கதையைக் கட்டியது காது. இதைக் கற்றுக்கொள்ள நான் விமானம் ஏறியிருக்கவே வேண்டாம், சித்தப்பா. 1984இல் 'விதி' வந்தபோது அதன் நீதிமன்ற வசனத்தைக் கேசட்டில் போட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, படமே பார்க்காதவர்களையும் அழவைத்த கூட்டத்தில் நீங்களும் ஒருவர்தானே? இலங்கை வானொலியின் ஒலிச்சித்திரத்தில் முழுப்படத்தையும் கேட்டே முடித்த ஆச்சிமார் நம் தெருவில் எத்தனை பேர்! அதற்கு நேர் எதிராக 1987இல் 'பேசும் படம்' வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் ஒரு வசனமும் வைக்கவில்லை. ஆனால் தெருச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் உண்டு. இங்கே அதைத் திரையிட்டார்கள். சப்டைட்டில் தேவைப்படாத நம் நாட்டுப் படம் என்று எனக்கு ஒரே பெருமை.

இனி பனிக்கதை. ஜன்னலுக்கு வெளியே நிஜப் பனி கொட்டுகிறது. உள்ளே நாங்கள் சோள மாவுப் பையைப் பிசைந்து, பனியில் நடக்கும் சத்தம் தயாரிக்கிறோம். நிஜப் பனியில் மைக் வைத்தால் டிராமும் சேர்ந்து வந்துவிடும். காலடியும் கதைக்கு வேண்டிய அழுத்தத்தில் விழாது. எலும்பு முறிய செலரித் தண்டு, குதிரை ஓடச் சிரட்டை. ஹாலிவுட்டின் ஜாக் ஃபோலி பெயரால் இந்த வேலைக்கே ஃபோலி என்று பெயர். எங்கள் ஊர் உப்பளத்தில் நடந்தாலும் இதே நறநறப்புத்தான் என்று சொல்லி, கடையில் கல் உப்பு வாங்கிவந்து மிதித்துக் காட்டினேன். ஆசிரியர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல பனி" என்றார். ஆகஸ்ட் வெயிலில் பனிமய மாதாவுக்குத் திருவிழா எடுக்கிற ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நான் மானத்தோடு தலைநிமிர்ந்த வகுப்பும் ஒன்று உண்டு. தண்ணீருக்கடியில் என்ன கேட்கும் என்று கேட்டார்கள். எல்லாரும் குமிழிச் சத்தம் என்றார்கள். நம் சங்குகுளி அண்ணாச்சி சொல்வதை நான் சொன்னேன்: வள்ளத்தின் இன்ஜின் கேட்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது, தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரையும். ஆசிரியர் துள்ளிவிட்டார். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிற சத்தம் கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் சுருங்கிவிடுவதால் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை. அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள், அவர் சொன்னதை இங்கே கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள்.

அதிலிருந்துதான் என் படிப்பை முடிக்கும் படத்துக்குக் கதை கிடைத்தது: நம் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961. மூச்சைப் பிடித்துக் கல்லோடு இறங்கியவர் கீழிருந்து பேச முடியாது. கயிற்றை அசைத்தால்தான் மேலே இருப்பவருக்குச் சேதி. கடலுக்கடியில் கேமராவை இறக்க என்னிடம் காசில்லை. ஆகவே மேலே கயிறு பிடித்தவரின் கையை மட்டும் காட்டி, கீழே நடப்பதையெல்லாம் சத்தத்தில் சொல்லப்போகிறேன். வறுமையைக் கலைநயமாக மாற்றுவதைத்தான் இங்கே முதலில் கற்றுத்தருகிறார்கள்.

இதற்கு உங்கள் உதவி வேண்டும். கச்சான் காற்றில் பாய்மரத் துணி படபடப்பது, தோணிப் பலகையில் அலை மோதுவது, திரேஸ்புரத்து விடியற்காலை, இவற்றைப் பதிவுசெய்து அனுப்புங்கள். இரவுச் சத்தமும் வேண்டும். இந்த நாட்டில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஒலிப்பதிவை ஹெட்ஃபோன் மாட்டித்தான் கேட்கிறேன், தும்மக்கூடப் பயம். நம் நாட்டிலும் 2000ஆம் வருஷ விதிப்படி ஒலிபெருக்கிக்கு அதே 10 முதல் 6 வரைதான் தடை என்பது போலீஸ்காரர்கள் மூலமாக உங்களுக்கும் அடிக்கடி தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. எந்த இடத்தில் பதிவுசெய்தாலும், அந்த இடத்தின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவுசெய்ய வேண்டும். இதை ரூம் டோன் என்கிறார்கள். ஒட்டுப்போட்ட சத்தங்களுக்கு நடுவே காது இடறாமல் இருக்க அது அவசியம். ஆகவே மைக் முன்னால் ஒரே ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" சொல்லக் கூடாது. உங்களால் முடியாது என்று தோன்றினால் வேலையைச் சித்தியிடம் கொடுங்கள். சித்தியாலும் முடியாவிட்டால், நீங்கள் இருவரும் பேசுவதையே அனுப்பிவையுங்கள். என் படத்தில் வரும் சிப்பி ஏலக் காட்சிக்கு ஒரு கூட்டம் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்