ஏரியை மீட்டவர்கள்

தி. நகரைத் தூக்கி நிறுத்தத் திட்டம் தீட்டியவர்களுக்கு ஊர் இன்னும் ஒரு மாலைகூடப் போடவில்லை. நன்றி கெட்ட ஊர்!

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் எள் போட்டால் விழாத கடைத்தெரு அது. அங்கே போய் வியாபாரத்தை வளர்க்கிறேன் என்று கிளம்புவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். கொல்லன் தெருவில் ஊசி விற்பதெல்லாம் அதன் கால் தூசுக்கு வராது.

முதலில் பாண்டி பஜார். நடைபாதையில் வளையலும் ஹேர்பின்னும் விற்றவர்கள் வெயிலில் வாடுவது பொறுக்காமல், 2013-இல் அவர்களை அடுக்குமாடி வளாகத்துக்குள் குடியேற்றினார்கள். போகிற வழியில் கண்ணில் பட்டால்தான் ஹேர்பின் விற்கும் என்பது பழங்காலத்து வியாபாரம். ஐந்து ரூபாய் ஹேர்பின்னுக்காக ஜனங்களை மாடிப்படி ஏறவைப்பதுதான் புதுக்கணக்கு, முழங்காலுக்கும் நல்லது. 2019 நவம்பரில் அந்தச் சாலையின் ஓரங்களை அகலமாக்கி, கல் பதித்து, பெஞ்சு போட்டு, நடக்கிறவர்களுக்கென்று திறந்துவைத்தார்கள். இவ்வளவு நல்ல இடத்தில் மனிதர்கள் மட்டும் இருந்தால் போதுமா? பைக்குகளும் நிழலில் ஓய்வெடுக்கின்றன.

2023-இல் ஆகாய நடைபாலம் வந்தது. நீளம் 570 மீட்டர், செலவு 28 கோடிக்கு மேல். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர் ரங்கநாதன் தெருவில் காலே வைக்காமல், எந்தக் கடைக்காரர் முகத்திலும் விழிக்காமல், நேரே பஸ் நிலையம் போய்விடலாம். வாடிக்கையாளரின் பர்ஸைக் கடைகளிடமிருந்து காப்பாற்றும் வணிக வளர்ச்சித் திட்டம் உலகில் வேறெங்காவது உண்டா?

இதெல்லாம்கூடச் சில்லறைச் சாதனை. உச்சம் 2021 நவம்பரில் நடந்தது. தி. நகர் அடியில் ஓர் ஏரி என்பது பலருக்கு மறந்துபோயிருந்தது. நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே நீண்டு கிடந்த ஏரி அது; வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டி விட்ட தண்ணீர். 1920-களில் அதை வற்றவைத்துத்தான் மனை போட்டார்கள். மழைநீருக்கு மிச்சம் வைத்த வழி மாம்பலம் கால்வாய். அதையும் அழகுபடுத்தப் புகுந்தார்கள். அழகுக்கு இடையில் தண்ணீர் எதற்கு என்றோ என்னவோ, கட்டுமானக் கழிவு அதன் குறுக்கே கிடந்தது. மழை பெய்தது. சாலைகள் தெரியவில்லை, கடை வாசற்படிகள் தெரியவில்லை. நூறு வருஷத்துக்கு முன் காணாமல் போன ஏரியை ஒரே ராத்திரியில் திருப்பிக் கொடுத்தார்கள்! நீர்நிலை மீட்பு, நீர்நிலை மீட்பு என்று மேடைதோறும் பேசுகிறவர்களில் இப்படிச் செய்துகாட்டியவர் யார்?

அந்த ஆண்டு பதவிக்கு வந்திருந்த புது அரசு இதற்கு விருது கொடுத்திருக்க வேண்டும். விசாரணை ஆணையம் போட்டது. சரி, பெரியவர்கள் பாடு அது. வாடிக்கையாளர்கள் சார்பில் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான்: அடுத்த திட்ட அறிக்கையில், பனகல் பூங்கா பக்கம், ஒரு படகுத்துறைக்கும் இடம் ஒதுக்குங்கள்.