கைப்பிடி விசாரம்: நெல்லித்தோப்பை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் இருபுறமும் மாட்டப்பட்டு, உலக வழக்கில் ‘கிரிப்’ என்றும், இக்கட்டுரையில் கௌரவம் கருதிக் கைப்பிடி என்றும் வழங்கப்படும் ரப்பர் உறைகள் இரண்டும் உருவத்தால் ஒன்றாயினும் தர்மத்தால் முற்றிலும் வேறானவை என்பதே நாம் நிலைநாட்டப் புகும் பிரமேயம். இடக்கைப்பிடியின் தர்மம் அசையாமை. வலக்கைப்பிடியின் தர்மமோ, தனக்குள்ளே இருக்கும் ஆக்சிலேட்டர் குழாயை விட்டு அணுவளவும் பிரியாமல், அது சுழலுமளவு தானும் சுழன்று, அது நிற்குமிடத்தில் தானும் நிற்பது. முன்னதை யோகமென்றும் பின்னதைப் பக்தியென்றும் கூறுதல் மிகையாகாது. யோகம் குலைந்த இடக்கைப்பிடிகளையும் பக்தி தளர்ந்த வலக்கைப்பிடிகளையும் ஒருங்கே காண்பதற்குரிய க்ஷேத்திரமாக நாம் தேர்ந்துகொண்டது புதுச்சேரியைச் சார்ந்த நெல்லித்தோப்பு.

இத்தேர்வுக்கு ஹேது உண்டு. மறைமலையடிகள் சாலை வழியாக இந்திரா காந்தி சதுக்கத்தை நோக்கிப் பாயும் இருசக்கர வாகனப் பிரவாகம் நெல்லித்தோப்பு சிக்னலில் தேங்கி நிற்கிறது. (தனித்தமிழுக்கே வாழ்வை அர்ப்பணித்த பெரியவரின் பெயர் பூண்ட சாலையைப் பற்றி இத்தனை வடசொற்களைப் பெய்து எழுதுவதற்காக அடிகளாரின் அன்பர்கள் நம்மை மன்னிப்பார்களாக.) அங்ஙனம் நிற்கும் வேளையில் வண்டி நின்றாலும் வண்டிக்காரரின் வலக்கை நிற்பதில்லை, சிவப்பு விளக்குப் பச்சையாக மாறுவது தம்முடைய முறுக்கலின் வலிமையாலேயே என்று நம்புபவர்போல அவர் ஆக்சிலேட்டரை முறுக்குவதும் விடுவதுமாக இருப்பார். உள்ளங்கை வியர்வை, தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெயின் மிச்சம், மேலே வெயில், சில கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும் உப்புக் காற்று ஆகிய நான்கும் அக்கைப்பிடியின்மேல் ஏககாலத்தில் தொழிற்படுகின்றன. நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் வாங்கிய கறிகாய்ப் பையை இடக்கைப்பிடியில் தொங்கவிடும் இல்லறத்தார் ஐந்தாவது காரணமொன்றையும் சேர்த்து அருளுகிறார்கள்.

இனிச் சரித்திரம் பேசாமல் புதுச்சேரியைப் பற்றி ஆராய்ச்சி செய்தல் முறையன்று. உராய்வின் விதிகளைக் கியோம் அமோந்தோன் என்னும் செவிப்புலனற்ற பண்டிதர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் எடுத்துரைத்தது 1699-ஆம் ஆண்டு. டச்சுக்காரர் 1693-இல் பறித்துக்கொண்ட புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்காகப் பிரான்சுவா மர்த்தேன் திரும்பப் பெற்றதும் அதே 1699-இல்தான். அதே உராய்வை மேலும் நுணுகி ஆராய்ந்து கூலோம் என்னும் பண்டிதர் அக்கழகத்தின் பரிசைப் பெற்றது 1781-இல். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையை விட்டு வழுவி ஆங்கிலேயர் வசம் இருந்தது. தென்னமெரிக்காவுக்குச் சென்ற லா கோந்தமின் என்பவர் மரத்துப் பாலினாலாகிய ரப்பர் மாதிரிகளைப் பாரிஸுக்கு அனுப்பியது 1736. ஆனந்தரங்கப் பிள்ளை தம்முடைய புகழ்பெற்ற தினசரியைத் தொடங்கியதும் 1736. ஆகவே கைப்பிடி நழுவுதலுக்கும் இவ்வூருக்கும் பூர்வஜன்ம பந்தமொன்று உண்டென்று நிறுவிவிட நமக்கு ஆசை மிகுதியாக உண்டு. ஆனால் ஆசை வேறு, ஆதாரம் வேறு. பிள்ளையவர்கள் பல்லக்கிலேறிப் போன கனவான். கைப்பிடியைக் குறித்த கவலையெல்லாம் பல்லக்குச் சுமந்தவர்களுடையது. அவர்கள் தினசரி எழுதவில்லை.

ரப்பரைக் கந்தகத்தோடு கூட்டிச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாது, குளிரில் வெடிக்காது என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்திராவிடில், அக்கினி நட்சத்திரத்தில் நெல்லித்தோப்பு வண்டிகளின் கைப்பிடிகள் வெல்லப்பாகாகி வழிந்திருக்கும். அவ்வாறு பதப்படுத்திய ரப்பரும் அமரத்துவம் பெற்றதன்று. சூடேறுங்கால் உருக்கைவிடப் பன்மடங்கு விரிவது அதன் சுபாவம். எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ஊறி உப்பும். வெயிலில் ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் இழுவிசையை இழக்கும். கைப்பிடி குழாயைப் பற்றிக்கொண்டிருப்பது அந்த இழுவிசை ஒன்றினாலேயே. இதனோடு, 1955 முதல் சென்னையில் உருவாகிவந்த என்பீல்டு புல்லட் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளின் இடையறாத அதிர்வையும் கூட்டிப் பார்த்தால், கைப்பிடி ஏன் நழுவுகிறது என்னும் வினா மறைந்து, இத்தனை காலம் எங்ஙனம் நழுவாதிருந்தது என்னும் வியப்பே எஞ்சும்.

ஆயினும் நழுவலின் மூலகாரணம் பல வேளைகளில் இயற்கையன்று, அளவு பிசகுதல். பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர் விட்டமுடையது. வலப்புறத்திலோ அதன்மேல் ஆக்சிலேட்டர் குழாய் ஏறியிருப்பதால் அங்கே பொருந்த வேண்டிய கைப்பிடியின் உள்விட்டம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். வலதை இடப்புறத்தில் மாட்டினால் அது முதல் நாளே கழன்று சுழலும். இடதை வலப்புறத்தில் ஏற்ற முயன்றவர் வியர்வை சிந்தி, ஈற்றில் சோப்பு நீரையோ கிரீஸையோ தடவி ஏற்றி, வெற்றி கண்டதாக மகிழ்வார். எதை வழுக்கும்பொருட்டு உள்ளே விட்டாரோ அது உள்ளேயே தங்கித் தன் கடமையைத் தொடர்ந்து செய்யும் என்பதை அவர் சிந்திப்பதில்லை.

நழுவலின் பலன்களில் தாரதம்மியம் உண்டு. இடக்கைப்பிடி நழுவினால் மானக்கேடு. மேட்டிலோ பள்ளத்திலோ வண்டி துள்ளும்போது அது கையோடு கழன்று வந்துவிட, அதை எங்கே வைப்பதென்று அறியாமல் வண்டிக்காரர் விழிப்பதைப் பின்னால் வருபவர் கண்டு களிக்கலாம். வலக்கைப்பிடி நழுவினால் வருவது களிப்பன்று. முன்செல்லும் பஸ்ஸைக் கடக்க எண்ணி முறுக்குபவரின் கையில் ரப்பர் மட்டும் சுழன்று உள்ளிருக்கும் குழாய் அசையாதிருந்தால், வண்டி வேகமெடுக்க வேண்டிய கணத்தில் எடுக்காது. அதனினும் கொடியது, கைப்பிடி உட்புறமாக நகர்ந்து சுவிட்ச் பெட்டியோடு உரசி நிற்றல். அப்போது கையை விட்டாலும் ஆக்சிலேட்டர் திரும்பாது. நகைச்சுவைக்கு இடமளியாத ஒரே பகுதி இதுவாகையால் இதனை விரைவில் கடந்து செல்கிறோம்.

பரிகாரம் கூறப் புகுந்தோருள் முதல்வர் சுற்றுவாதிகள். ஹேண்டில்பாரின்மேல் இன்சுலேஷன் டேப்பையோ பழைய சைக்கிள் டியூப்பையோ உப்புத்தாளையோ சுற்றி அதன்மேல் கைப்பிடியைச் செருகுவது இவர்கள் மதம். டேப்பின் பசை வெயிலில் இளகி, ரப்பரைப் பற்றுவதற்குப் பதிலாகத் தானே ஒரு மசகாக மாறிவிடுவதை இம்மதத்தினர் விதியின் கொடுமை என்பார்கள். சைக்கிள் டியூப் சற்றே மேலானது. இடப்புறத்துக்கு அதனை அனுமதிக்கலாம்.

அடுத்தவர் பசைவாதிகள். இவர்களுள் அவசரக்காரர் நாடுவது ஃபெவிக்விக். இவ்வகைப் பசை காற்றின் ஈரத்தை உண்டு இறுகுவது. புதுச்சேரிக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லாமையால், கைப்பிடி பாதி ஏறியிருக்கும்போதே இறுகி, மீதிப் பாதியை வானத்துக்கு விட்டுவிடும். இறுகியபின் கண்ணாடிபோல் நொறுங்கும் சுபாவமுடையதாகையால் அதிர்வையும் தாங்காது. பஞ்சர் கடையில் கிடைக்கும் ரப்பர் சொல்யூஷனோ, கைப்பிடிக்கென்றே விற்கும் பசையோ நிதானமானவை. முற்றிலும் காய்ந்த பின்னரே பற்றும். இந்த இடைக்காலத்தைப் பொறுக்கமாட்டாமையே பசைவாதத்தின் வீழ்ச்சிக்குக் காரணம்.

“அண்ணே, நாளைக்குக் காலை வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க.”

“பத்து நிமிஷம் போதாதா தம்பி? ஒரு எட்டு போயிட்டு வந்துடறேனே.”

நெல்லித்தோப்பின் எந்த ஒர்க்ஷாப் வாசலிலும் நிகழக்கூடிய இந்தச் சம்வாதத்தில் தம்பியின் வாக்கே வேதவாக்கு, அண்ணனுடையது பூர்வபக்ஷம்.

மூன்றாமவர் கம்பிவாதிகள். பந்தயச் சாலைகளிலும் மோட்டோகிராஸ் மைதானங்களிலும் வண்டியோட்டுபவர் இம்மதத்தினர். அவர்களுக்காகவே பல கைப்பிடிகளில் கம்பி பதிவதற்கு வரிப்பள்ளம் வார்த்திருக்கிறார்கள். மெல்லிய கம்பியை இரண்டு மூன்று இடங்களில் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி, நுனியை உள்ளங்கை படாத திசையில் ரப்பருக்குள் மடித்துப் புதைத்துவிட்டால் கைப்பிடி எங்கும் போகாது. சாதாரணக் கட்டுக்கம்பி கடற்காற்றில் துருப்பிடிக்குமாதலால் எவர்சில்வர் கம்பியே உசிதம். நம்முடைய பக்ஷபாதம் இவர்கள்பால் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இம்மூவரும் ஒருமுகமாக அலட்சியம் செய்வது ஒன்று உண்டு; அதுவே சித்தாந்தம். எந்த மதத்தைத் தழுவினாலும், முதலில் பழைய கைப்பிடியைக் கழற்றி, துருவையும் எண்ணெயையும் பழம்பசையையும் சுரண்டி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். ஸ்பிரிட்டைச் சிறிது உள்ளே விட்டுப் புதியதை ஏற்றினால் அது ஏறும்வரை வழுக்கி, பின் ஆவியாகி, எச்சமின்றி மறையும். இவ்வகைத் திரவத்துக்கு இவ்வூரில் பஞ்சமில்லையே என்று நகைக்கும் அன்பர்களுக்குச் சமாதானம்: கடையில் விற்கும் பிராந்தியில் நீரும் சாயமும் கலந்திருப்பதால் அது இப்பணிக்கு உதவாது. அது உள்ளே சென்றபின் ஹேண்டில்பாரைத் தொடுவதும் தகாது.

வலப்புறத்தில் கைப்பிடியின் இரு முனைகளிலும் இரண்டு மில்லிமீட்டரளவு இடைவெளி விட்டு, ஹேண்டிலை முழுதும் இடப்பக்கமும் முழுதும் வலப்பக்கமும் திருப்பி, இரு நிலையிலும் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் அது தானாகவே திரும்புகிறதா என்று பார்த்த பிறகே என்ஜினை உயிர்ப்பிக்க வேண்டும். உள்ளே தேய்ந்து வழவழப்பான கைப்பிடியைப் பசையாலும் கம்பியாலும் காப்பாற்றுவது வீண்; இடதும் வலதும் அளவு பார்த்துப் புதியது வாங்குங்கள். பசை இட்டவர்கள் வண்டியை ஓரிரவு அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, அன்று மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வாருங்கள். நெல்லித்தோப்பில் யாருக்கும் அது தொலைவன்று.