முப்பது நாள் காக்கவைக்கக் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: நகராட்சி மன்றத்தார், டுப்ரோவ்னிக், குரோஷியா

மாண்புமிகு மன்றத்தாரே,

உங்கள் ஊர் ரகூசா குடியரசாக இருந்தபோது, 1377 ஜூலையில் ஒரு சட்டம் போட்டார்கள். கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள், மெர்கான் தீவிலோ சாவ்தாத்திலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் கால் வைக்கலாம். உலகின் முதல் தனிமைப்படுத்தல் சட்டங்களில் ஒன்று என்று நீங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, உல்லாசக் கப்பலில் வரும் அனைவர்மீதும் அமல்படுத்த வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

'இவர்கள் என்ன நோயாளிகளா?' என்பீர்கள். இல்லை, நல்ல திடகாத்திரமானவர்கள். கப்பல் குரூஷ் துறைமுகத்தில் நிற்கிறது. பேருந்துகள் அவர்களைப் பழைய நகர மதிலின் பிலே வாசலில் கொட்டுகின்றன. சட்டையில் எண் ஒட்டிய கூட்டம், அதே எண்ணைப் பலகையில் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஸ்ட்ராடுன் வீதியில் நகர்கிறது. பல தலைமுறைக் கால்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய சுண்ணாம்புக்கல் தளம் அது. யாராவது நின்று குனிந்து பார்த்தால் பின்னால் வருகிறவர் முதுகில் மோதுவார். சில மணி நேரத்தில் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள், அங்கே சாப்பாடு தயார். ஊரில் கை நனைக்காமலே போகிற விருந்தாளி! இந்த உபசாரத்தின் பலனையும் பாருங்கள். 1991-இல் மதிலுக்குள் சுமார் 5,000 பேர் வாழ்ந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 1,500. நடுவில் போர் வந்தது உண்மைதான். ஆனால் குண்டு விழுந்த கூரைகளுக்கெல்லாம் ஓடு வேய்ந்து முடித்த பிறகும் குடித்தனங்கள் குறைந்துகொண்டே வந்தனவே. (வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டவர்களுக்கும் இதில் பங்குண்டு, அதற்குத் தனி விண்ணப்பம் அனுப்புகிறேன்.)

நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் தெரியும். வாசல்களில் கேமரா வைத்துத் தலை எண்ணுகிறீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், 4,000 பயணிகள் என்று கப்பல் நிறுவனங்களோடு 2019-இல் உடன்பாடும் கண்டீர்கள். நல்லதுதான். ஆனால் அந்த 4,000 என்பதே மதிலுக்குள் குடியிருப்பவர்களைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். நீங்கள் தலைக்கு வரம்பு கட்டினீர்கள். உங்கள் முன்னோர் நாளுக்கு வரம்பு கட்டினார்கள். துறைமுகத்தை மூடினால் வணிகம் செத்துவிடும், திறந்து விட்டால் ஊர் செத்துவிடும் என்று கண்டு, நடுவே காத்திருப்பு என்ற வழியைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

காக்கவைத்தால் கப்பல்கள் பக்கத்து மாண்டினீக்ரோவின் கோட்டோருக்குப் போய்விடும் என்று வணிகர்கள் அஞ்சலாம். அன்றும் ஏட்ரியாட்டிக் கடலில் போட்டிக்கு வெனிஸ் இருந்தது. அப்படியும் சட்டம் வந்த பின் இரண்டு நூற்றாண்டுகள் ரகூசாவின் வணிகம் கொழித்தது. வருமானம் போகுமே என்பதும் வீண் கவலை. முப்பது நாள் தங்குகிறவர் தொண்ணூறு வேளை சாப்பிட்டாக வேண்டும், முடி வெட்டிக்கொள்ள வேண்டும், செருப்பு அறுந்தால் தைத்துக்கொள்ள வேண்டும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு; முப்பது நாள் அதிகம் என்று அதைக் காட்டி வாதாடலாம். மூன்று மணி நேர விருந்தை அந்தப் பழமொழியும் ஏற்காது. மருந்துக்கோ, பிரான்சிஸ்கன் மடத்தில் 1317-இல் தொடங்கிய மருந்துக்கடை இருக்கிறது. இடவசதிக்கும் பஞ்சமில்லை: கிழக்கு வாசலுக்கு வெளியே, காக்கவைப்பதற்கென்றே உங்கள் முன்னோர் கட்டிய லசாரெட்டி கட்டடங்கள் நிற்கின்றன. இப்போது அங்கே கண்காட்சியும் கச்சேரியும் நடக்கின்றன. பயணிகளுக்குப் பொழுது போவதும் சுலபம்.

முப்பது நாள் காத்திருக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? சொற்பம். சம்மதிக்கிறவர்களுக்குத்தான் ஊரைப் பார்க்க ஆசை என்று அதிலிருந்தே தெரிந்துவிடுமே. 2023-இல் மதில்மேல் நடக்க 35 யூரோ வாங்கினீர்கள். பணத்தால் ஆசையை அளக்க முடியும் என்று நம்பியவர்கள் பொறுமையாலும் அளந்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

கடைசியாக, சட்டத்தைப் பாரபட்சமின்றி அமல்படுத்த வேண்டும். ரகூசா குடியரசின் தலைவரான ரெக்டருக்குப் பதவிக்காலம் ஒரே மாதமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க, அரசுக் காரியம் தவிர அவர் அரண்மனையை விட்டு வெளியேற முடியாதிருந்தது. உங்கள் மேயரையும் அதேபோல் ஒரு மாதம் மதிலுக்குள் குடிவைத்து, ரொட்டியும் பாலும் அவரே போய் வாங்கிவரும்படி தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஆகஸ்ட் மாதம் தோதாக இருக்கும்.

இப்படிக்கு,
லசாரெட்டியில் ஒரு கட்டிலுக்கு முன்பதிவு கோரும் பயணி