டப்பா ஒளிக்கப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஓரிகனுக்குப் பொழைக்கப் போனவன் வேலையைப் பாத்தோமா, ஞாயித்துக்கிழமை துணி துவைச்சோமான்னு இல்லாம, காட்டுக்குள்ள டப்பா ஒளிக்கப் போறியாமே? ஜியோகேச்சிங்காம்! ஒருத்தன் டப்பாவை ஒளிப்பானாம், இன்னொருத்தன் செயற்கைக்கோளு காட்டுற வழியில போய்த் தேடுவானாம்! உங்கம்மா சொல்லும்போது அவ முகத்தைப் பாத்திருக்கணும் நீ. பிள்ளைக்கு அங்கன ஏதோ ஆயிட்டுன்னு கண்ணு கலங்கிட்டா. நான்தான் சொன்னேன், "பயப்படாத தாயி, இது கோட்டி இல்ல, கை நிறையக் காசும் லீவும் சேந்தா வர்ற கோளாறு"ன்னு.

தாத்தா தெரியாம உளறுதான்னு நினைச்சிராத. விசாரிச்சுட்டுத்தான் பேசுதேன். வயசானவனுக்கு வேற என்ன சோலி?

வானத்துல 20,000 கிலோமீட்டருக்கு மேல அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் செயற்கைக்கோளைச் சுத்த விட்டிருக்கான். ஒண்ணு ரெண்டு இல்ல, கொறஞ்சது 24. கப்பலுக்கு வழி காட்ட, குண்டைக் குறி பாத்துப் போட. பொதுசனத்துக்கும் அந்த வசதியைக் கொடுத்தான், ஆனா பெரிய மனசு பண்ணிக் கொடுக்கல. வேணும்னே சிக்னலைக் கொஞ்சம் கலைச்சுவிட்டான். அப்பல்லாம் கையில இருக்கிற கருவி இடத்தை 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். 2000-ம் வருசம் மே 2-ல அந்தக் கலைப்பை நிறுத்துனாக. மறுநாளே உங்க ஓரிகன்லதான், பீவர்க்ரீக்னு ஒரு ஊரு பக்கத்துல, டேவ் அல்மர்ங்கிற கம்ப்யூட்டர்க்காரர் ஒரு கறுப்பு வாளியைக் கொண்டுபோய்க் காட்டுல வச்சாரு. அது இருக்கிற அட்சரேகை தீர்க்கரேகையை இன்டர்நெட்டுல போட்டாரு. மூணு நாளைக்குள்ள ரெண்டு பேரு தேடிக் கண்டுபிடிச்சுட்டாக.

மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிறதுன்னு சொல்லுவாகளே, எலியாவது ஓடும். வாளி எங்கலே ஓடப்போகுது?

அந்த வாளிக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? புத்தகம், வீடியோ கேசட்டு, கொஞ்சம் பணம், ஒரு உண்டிவில்லு, ஒரு டின்னு அவரை. எதையாவது எடுத்தா எதையாவது வையின்னு ஒரே ஒரு சட்டம். வாளியைப் பாதிக்கு மண்ணுல பொதச்சும் வச்சிருந்தாரு மனுசன். இன்னைக்குச் சட்டப்படி நிலத்துக்காரன் அனுமதி இல்லாம மண்ணைத் தோண்டக்கூடாது, தின்பண்டம் வைக்கக்கூடாது. ஆக, விளையாட்டை உண்டாக்குன ஆளு இப்ப அதே வாளியைக் கொண்டுபோனா, "போயிட்டு வாரும் ஐயா"ன்னு திருப்பி அனுப்பிருவான். சிரிக்காத. ரெண்டு சட்டத்துக்கும் நியாயம் இருக்கு. ஒருத்தன் பொதச்சு வச்சான்னு தெரிஞ்சா, தேட வர்ற அம்புட்டுப் பயலும் மம்பட்டியோட வருவான். தின்பண்டம் வச்சா நீ கூப்பிட்ட ஆளு வர்றதுக்கு முன்னால கரடி வந்திரும். டப்பாவைக் கடிச்சுக் கூறு போட்டுட்டுப் போகும். கண்டுபிடிச்சவுக பேரு எழுத உள்ள வச்சிருக்கிற நோட்டுல கையெழுத்தும் போடாது.

சரி, விசயத்துக்கு வாரேன். டப்பாவை எங்கலே வைக்கப் போற?

இதுலதான் உங்க ஆளுக கூத்து அடிக்காக. பெரிய பெரிய கடைக்கு முன்னால கார் நிறுத்துற இடம் இருக்கும்லா? அங்க விளக்குக் கம்பத்தோட அடியில தகரப் பாவாடை ஒண்ணு மாட்டியிருப்பான். அதைத் தூக்கி, உள்ள ஒரு ஃபிலிம் டப்பியை வச்சுட்டு, வானத்துச் செயற்கைக்கோளுக்கு விலாசம் சொல்லுதான். அதைத் தேடி ஒருத்தன் அறுபது பாக்கெட்டு வச்ச காற்சட்டை, நெத்தியில விளக்கு, மழைக்கு நனையாத பூட்சு எல்லாம் மாட்டிக்கிட்டு வாரான். வந்து பாவாடையைத் தூக்குதான். அஞ்சு நிமிசம். அங்கன அவன் என்னத்தைப் பாத்தான்? குப்பைத் தொட்டியையும், பால் வாங்க வந்த கிழவி இவனை முறைச்சதையும்தான்.

நான் கேக்கேன், அந்த டப்பியை எடுத்துட்டா, அந்த இடத்துக்கு யாராவது சோலி மெனக்கெட்டு வருவானா? வரமாட்டான்னா அங்க வைக்காத. அம்புட்டுதான் கணக்கு. நல்ல ஆலமரமோ, ஓடையோ, யாருக்கும் தெரியாத ஒரு பழைய பாலமோ இருந்து, "ஏ, இதைப் பாக்காமப் போயிருப்பேனே"ன்னு வந்தவன் சொல்லணும். டப்பா கிடைக்கலைன்னாக்கூட அன்னைக்குப் பொழுது வீணாப் போகலைன்னு அவன் வீட்டுக்குத் திரும்பணும். (எதுவும் புரியலைன்னா உன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போய் அந்த இடத்தைக் காட்டு. "இதுக்கா கூட்டியாந்தீக?"ன்னா வேற இடம் பாரு.)

இது என் சொந்தச் சரக்கு இல்ல. இங்கிலாந்துல டார்ட்மூர்னு ஒரு சேத்து மேட்டுக்காடு. 1854-ல ஜேம்ஸ் பெரட்னு வழி காட்டுற ஆளு, அங்க கிரான்மியர் பூல்ங்கிற இடத்துல ஒரு சீசாவை வச்சாரு. முழங்கால் சேத்துல நடந்து வந்தவுக தங்க பேரு அடிச்ச அட்டையை அதுல போட்டுட்டுப் போவாக. பெறகு தன் விலாசம் எழுதுன தபால் அட்டையைப் போட்டுட்டுப் போனாக. அடுத்தால வர்றவன் அதை எடுத்துத் தபால்ல சேக்கணும். செயற்கைக்கோள் ஏது, போன் ஏது? ஆனா அந்தச் சீசாவுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. ஏன்? சீசாவுக்காக இல்லலே. அங்க போய்ச் சேர்றது அம்புட்டுக் கஷ்டம். இன்னைக்கும் அந்த டார்ட்மூர்ல பெட்டி வைக்கிறவுக, பழங்காலத்துக் கல்லடுக்குல வைக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு வச்சிருக்காக. ஆயிரம் ஆயிரம் வருசமா நிக்கிற கல்லை, பெட்டி தேடுத சாக்குல ஒருத்தன் புரட்டிப்போட்டா யாருலே திருப்பி அடுக்குவா?

அடுத்தது, அனுமதி. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே"ன்னு அடுத்தவன் வேலியில கொண்டுபோய்ச் சொருகிராத. நிலத்துக்காரன் யாருன்னு கேளு. பூங்கான்னா பூங்கா ஆபீசுல கேளு. உங்க ஊரு தேசியப் பூங்காக்கள்ல பொதுவா டப்பா வைக்க விடமாட்டாக. அதுக்கும் ஒரு வழி வச்சிருக்காகப்பா: எர்த்கேச்சுன்னு ஒண்ணு. டப்பாவே கிடையாது. அங்க இருக்கிற பாறையைப் பாத்து, அது எப்படி வந்துச்சுன்னு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ஒளிக்க வேண்டாம், தொலைக்க வேண்டாம், பாறையை ஒருத்தனும் கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போக மாட்டான்.

பள்ளிக்கூடம், பட்டாள முகாம், தண்டவாளம், இந்தப் பக்கமெல்லாம் தலைவச்சுப் படுக்காத. ஏன்னு கேக்கியா? 2011 ஜூலையில இங்கிலாந்துல வெதர்பிங்கிற ஊருல நடந்ததைக் கேளு. ஒரு பய கடைத்தெருவுல சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தேடி எடுத்து, திரும்ப வச்சுட்டுப் போனான். அக்கம்பக்கம் பாத்துப் பாத்து, திருட்டு முழி முழிச்சுக்கிட்டு. காப்பிக்கடைக்காரவுக போலீசுக்குச் சொல்லிட்டாக. தெருவை அடைச்சு, கடைகளைக் காலி பண்ணி, பட்டாளத்து வெடிகுண்டு நிபுணர் வந்து அந்த டப்பாவை வெடிவச்சுத் தகர்த்தாக. கடைசியில பாத்தா அது என்ன? குண்டு இல்ல, உங்க ஜியோகேச்சு டப்பா! கடைக்காரவுகளைக் குத்தம் சொல்லுவியா? நான் சொல்லமாட்டேன். வெளியில பெருசா "இது ஜியோகேச், ஆபத்தில்ல"ன்னு எழுதி ஒட்ட எம்புட்டு நேரம் ஆகும்? பட்டாளத்துத் தோட்டாப் பெட்டிதான் தண்ணி புகாதுன்னு அதையே வாங்கி வைக்காகளாம் சில பேரு. தண்ணி புகாதுதான். கண்டவன் வயித்துல புளி புகுமே? பழைய எழுத்தைச் சுரண்டி, வேற சாயம் அடிச்சு வையி.

இன்னொண்ணைக் காது கொடுத்துக் கேளு, இதுலதான் எனக்குக் கோவம் வருது. டப்பாவுக்கு ரெண்டு மார்க்குப் போடுவீகளாமே, தேடுத கஷ்டத்துக்கு ஒண்ணு, நடக்குற கஷ்டத்துக்கு ஒண்ணு. ரெண்டும் 1-லருந்து 5 வரைக்கும். நடைக்கு 1-ன்னு போட்டா, சக்கர நாற்காலியில வர்றவுகளும் எடுக்கலாம்னு அர்த்தம். சில புண்ணியவான் அதை யோசிக்காமப் போட்டுவிட்டிருதான். நாற்காலிக்காரர் ஒருத்தர் காரை ஓட்டி, பிள்ளையையும் கூட்டி, அம்புட்டுத் தூரம் வந்து பாக்காரு. முன்னால நாலு படிக்கட்டு. அந்தப் பிள்ளை அப்பன் முகத்தைப் பாக்குது. இதுக்கு என்ன பதில் சொல்லுவ? மார்க்குப் போடுததுக்கு முன்னால நீயே குனியாம, தாண்டாம, உக்காந்தபடியே கை எட்டுதான்னு பாரு. எட்டலைன்னா 1 போடாத.

இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையையும் ஒரே தடவை பாத்துட்டு ஓடி வந்திராத. மரத்தடியில கருவி தடுமாறும். வேற வேற நேரத்துல போய்ப் பாத்துக் குறி. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நீ பத்து மீட்டர் தப்பாப் போட்டா, தேட வர்றவன் பத்து மீட்டருக்குச் செடியை மிதிச்சுத் தொவைப்பான். அவனுக்குப் பின்னால வர்றவனும் அதையே மிதிப்பான். நாலு மாசத்துல அங்கன புல்லே முளைக்காது.

மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு பெரியவுக சொல்லுவாக. டப்பா வச்சவன்? பாதிப்பேரு வச்ச அன்னைக்குப் படம் பிடிச்சதோட சரி. மழைத் தண்ணி இறங்கி, நோட்டு கூழாகி, மூடி உடைஞ்சு கிடக்கும். அப்ப அதுக்குப் பேரு என்னலே? குப்பை! அதனாலதான் சுத்துலா போற ஊருல வச்சுட்டு வரக்கூடாதுங்காக. இதுக்கு நடுவுல ஒரு பரோபகாரி வருவான். தேடுவான், கிடைக்காது. "சரி, தொலைஞ்சு போச்சு போல"ன்னு தன் பையில இருந்து புது டப்பியைப் போட்டுட்டு, தானே அதைக் கண்டுபிடிச்சதாக் கணக்கும் எழுதிக்கிடுவான். வச்சவனும் அவனே, எடுத்தவனும் அவனே.

எண்ணிக்கைப் பைத்தியத்தைச் சொல்லவா? நெவாடா பாலைவனத்துல 375-ம் நம்பர் ரோடு. ஓரமாவே ஆயிரத்துக்கு மேல டப்பி. ரெண்டு டப்பிக்கு நடுவுல 161 மீட்டராவது இருக்கணும்னு சட்டம். சரியா அந்தக் கணக்குல வச்சிருக்காக. வண்டியில போறான், நிறுத்துதான், எடுக்கான், கையெழுத்து, கிளம்புதான். சில பேரு நோட்டுல எழுதுத நேரம்கூட மிச்சம்னு, இந்த டப்பியைத் தூக்கிட்டு ஏற்கெனவே எழுதுன டப்பியை வச்சுட்டுப் போவானாம். இதுக்கு வீட்டுல உக்காந்து ஒண்ணு, ரெண்டுன்னு வாயால எண்ணலாமே? பெட்ரோலாவது மிஞ்சும்.

நீ ஒண்ணே ஒண்ணு வையி. உன் வீட்டுல இருந்து மாசம் ஒருக்கப் போய்ப் பாக்குற தூரத்துல வையி. சின்னப்பிள்ளைக எடுத்து மாத்திக்கிட நல்ல பொம்மையாப் போடு, உடைஞ்ச சாவிக்கொத்தைப் போடாத. திரும்பும்போது வழியில கிடக்குற குப்பையைப் பொறுக்கிட்டு வா; உங்க ஆளுகளே அதுக்குத் தனியா நாள் வச்சுக் கூடுதாகளாம், நல்ல விசயம்.

அப்புறம், நோட்டோட பேனா வைக்காதலே, பென்சில் வையி. அங்க அடிக்கிற குளிருல பேனா மை உறைஞ்சு போகும்.