பிரயாணத் திட்ட மீமாம்சை

பாயிரம்

மலையைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. மலையேறுவதைப் பற்றி எழுதியவர்கள் அதனினும் மிகுதி. ஏறி இறங்கிய பின் கால் வீங்கிக் கிடந்து, அந்த வீக்கத்தின் சரித்திரத்தையே நூலாக்கிப் பெயர் பெற்றவர்களும் உளர். ஆனால், ஏறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்து, ரயில் முன்பதிவு திறக்கும் காலை வரையில் ஓயாமல் நடப்பதும், உண்மையான பிரயாணத்தைக் காட்டிலும் அதிகமான காகிதத்தையும் மனஸ்தாபத்தையும் விழுங்குவதுமாகிய பிரயாணத் திட்டம் என்னும் அரும்பொருள் மட்டும், அதற்குரிய சாஸ்திரம் இல்லாமல் அநாதையாகக் கிடக்கிறது. அக்குறையைத் தீர்ப்பதே இச்சிறு நூலின் நோக்கம்.

ஒரு சாஸ்திரத்தைத் தொடங்குவோன் விஷயம், அதிகாரி, சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் முதலிலேயே கூறிவிட வேண்டும் என்பது பெரியோர் வகுத்த மரபு. இவற்றுள் சம்பந்தம் கூறாமலே விளங்கும். பிரயோஜனம் கடைசியில் வரும். ஏனைய இரண்டையும் முறையே ஆராய்வோம்.

விஷயம்

உதாரணமில்லாத சாஸ்திரம் சபையில் நிற்காது. ஆகவே, உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில் புஷ்பாவதி நதி பாயும் மலர்ப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவை உதாரணமாகக் கொள்கிறோம். 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1988 முதல் உலகப் பாரம்பரியச் சிறப்புப் பெற்றிருந்த நந்தாதேவிப் பூங்காவோடு 2005-இல் அதே சிறப்பில் சேர்க்கப்பட்ட இவ்விடம், பரப்பில் 87.5 சதுர கிலோமீட்டரே ஆயினும், திட்டமிடுவோருக்கு அது விளைவிக்கும் சங்கடத்தின் பரப்புக்கு எல்லை கிடையாது.

வழியோ மிக எளியது. ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடம் சுமார் 250 கிலோமீட்டர். மலைச்சாலையில் இரவில் வண்டி ஓட விடுவதில்லையாதலால் இதற்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். அங்கிருந்து இருபது கிலோமீட்டரில் கோவிந்தகாட். அப்பால் புல்னா வரை நான்கு கிலோமீட்டருக்கு ஜீப் போகும். பிறகு சுமார் பத்துக் கிலோமீட்டர் கால்நடையாகவோ, கோவேறு கழுதை மீதோ, இரண்டும் இயலாதவர் ‘கண்டி’ எனப்படும் கூடையில் ஒரு மனிதனின் முதுகிலமர்ந்தோ ஏறினால் காங்கரியா வரும். கூரைக்குக் கீழே படுக்க முடிகிற கடைசி இடம் அதுதான். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று மலர்ப் பள்ளத்தாக்குக்கும், மற்றொன்று சீக்கியரின் புனிதத் தலமான ஹேமகுண்ட சாஹிபுக்கும் செல்கிறது. இரண்டிடத்திலும் இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் போய் மாலைக்குள் காங்கரியாவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஆக, ஜோஷிமடத்துக்கு ஒரு நாள், காங்கரியாவுக்கு ஒரு நாள், பள்ளத்தாக்குக்கு ஒன்று, ஹேமகுண்டத்துக்கு ஒன்று, இறங்கி ஜோஷிமடம் சேர ஒன்று, ரிஷிகேசம் திரும்ப ஒன்று என, ரிஷிகேசம் தொட்டு ரிஷிகேசம் வரை ஆறு நாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடும். அந்த ஆறு நாள் எப்படிப் பன்னிரண்டாகப் பெருகுகிறது, பெருகியது எப்படி எட்டாகச் சுருங்குகிறது, சுருங்கும்போது எந்த நாள் முதலில் பலியாகிறது என்பனவே நம்முடைய ஆராய்ச்சிப் பொருள்.

அதிகாரிகள்

திட்டமிடும் உரிமை படைத்தோர் நால்வகைப்படுவர்.

முதலாமவர் காலவாதி. இவருக்குப் பிரயாணம் என்பது ஓர் அட்டவணை. மலையும் நதியும் அந்த அட்டவணைக்கு அரணாக இருபுறமும் நிற்பவை. காலை ஐந்தரைக்குக் காபி, ஆறுக்குப் புறப்பாடு, ஆறு முப்பத்தைந்துக்கு முதல் நீர்வீழ்ச்சி, அதை ரசிப்பதற்கு ஏழு நிமிஷம் என்று எழுதிவைப்பார். பள்ளத்தாக்கையும் ஹேமகுண்டத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டுச் சொன்னவரும் இவரே.

இரண்டாமவர் தரிசனவாதி. இவர் பெரும்பாலும் அத்தையாக இருப்பது வழக்கம். வழியிலும் வழியருகிலும் உள்ளது எதையும் விட்டுவிட்டு வருதல் பாவம் என்பது இவருடைய கொள்கை. இக்கொள்கைக்கு உதாரணப் பிரதேசம் அளிக்கும் ஆதரவு அபாரமானது: ஆழ்வார்களால் மங்களாசாசனம் செய்யப்பெற்ற திவ்ய தேசங்களில், கண்டமென்னும் கடிநகராகிய தேவப்பிரயாகை, சம்பிரதாயத்தில் திருப்பிரிதி எனப்படும் ஜோஷிமடம், பதரிகாசிரமம் ஆகிய மூன்றும் ஒரே சாலையில் வரிசையாக அமைந்திருக்கின்றன, பத்ரிநாத்தோ கோவிந்தகாட்டிலிருந்து இருபத்தைந்தே கிலோமீட்டர். இது சம்பந்தமாக ஒரு கூடத்தில் நடந்த வாதம் வருமாறு:

“ஏண்டா, அவ்வளவு தூரம் போயிட்டு, கூப்பிடு தூரத்துல இருக்கிற பெருமாளைச் சேவிக்காம திரும்பறதாவது! உன் பூ எங்கேடா ஓடிப்போறது?”

“பூதான் அத்தை ஓடிப்போகும். ஆகஸ்டோட சரி. பெருமாள் நவம்பர்ல நடை சாத்தற வரைக்கும் அங்கேயேதான் எழுந்தருளியிருப்பார்.”

“பெருமாள் இருப்பார்டா. நான் இருக்கணுமே!”

இந்த மூன்றாவது வாக்கியத்துக்குத் தர்க்க சாஸ்திரத்தில் பதில் கிடையாது. திட்டம் உடனே இரண்டு நாள் நீண்டது. பத்ரிநாத் வரை போனபின் அதை அடுத்துள்ள மாணா கிராமத்தை விடுவதெப்படி என்று மூன்றாம் நாளும் நீண்டது.

மூன்றாமவர் மூட்டைவாதி. போகும் இடத்தைப் பற்றி இவருக்கு அபிப்பிராயமே இல்லை; கொண்டுபோகும் பொருளைப் பற்றி மட்டுமே உண்டு. மழைக்கோட்டு, மாற்று மழைக்கோட்டு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இஞ்சி மரப்பா என விரியும் இவருடைய ஜாபிதாவைச் சுமக்கத் தனிக் கழுதை ஒன்று தேவைப்படும் என்பதைத் தவிர இவர்மீது வேறு குற்றம் சாட்டுவதற்கில்லை. மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் நால்வரில் மற்ற மூவரும் இவரிடமே சரணடைகிறார்கள்.

நான்காமவர் சூன்யவாதி. “எல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்” என்பது இவருடைய ஒரே சூத்திரம். இவர் கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருப்பதே மற்றவர்களின் கோபத்தை ஒருமுகப்படுத்தி ஒற்றுமையை வளர்க்கிறது.

காலப் பிரகரணம்

இனி எப்போது போவது என்னும் வினா. பூங்கா ஜூன் முதல் தேதி திறந்து அக்டோபர் முடிவில் மூடப்படுகிறது. ஜூனில் பனி இன்னும் உருகிக்கொண்டிருக்கும். அதன் ஓரங்களில் பிரிமுலா போன்ற சில பூக்கள் மட்டுமே தலைநீட்டும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரையில்தான், நம் வீட்டுக் கொல்லைக் காசித்தும்பையின் மலைநாட்டு உறவினர்கள் இளஞ்சிவப்பாய் ஆளுயரம் எழும்ப, நீலக் கசகசாவும் ஜெரேனியமும் பொட்டன்டில்லாவும் கலந்து பள்ளத்தாக்கு நிறையும். ஹேமகுண்டத்துப் பாறைகளிடையே பிரம்மகமலத்தைக் காண்பதற்கும் ஆகஸ்ட், செப்டம்பரே உரிய பருவம். ஆனால், அதே ஜூலையும் ஆகஸ்டும்தான் பருவமழை உச்சமாகப் பெய்து, ரிஷிகேசம் முதல் பத்ரிநாத் வரையுள்ள சாலையின்மேல் மலை தன் பாரத்தை இறக்கிவைக்கும் காலமும் ஆகும்.

பாமரர் இதனைத் தற்செயல் என்பர். ஆராய்ச்சியாளர் அவ்வாறு கூறார். பூவை மலர்த்துவதும் மண்ணைச் சரிப்பதும் ஒரே மழையாதலின், இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எங்கெங்குப் புகையுண்டோ அங்கங்கு நெருப்புண்டு என்று தார்க்கிகர் கூறும் வியாப்தியைப் போலவே, எப்போது பூ நிறைந்திருக்கிறதோ அப்போது சாலை ஐயத்துக்குரியது என்னும் வியாப்தியும் பெறப்படுகிறது. இதை அநுமான வடிவில் கூறுமிடத்து: இச்சாலை அடைபடத்தக்கது (பிரதிக்ஞை), பள்ளத்தாக்கு மலர்ந்திருத்தலின் (ஹேது), சென்ற ஆகஸ்டைப் போல (உதாரணம்). பூவில்லாத ஜூனில் போகிறவன் குறித்த நேரத்தில் போய்ச்சேர்ந்து புல்லைப் பார்க்கிறான். பூவுள்ள ஆகஸ்டில் போகிறவன் ஜோஷிமடத்துக்கு முன்னே வழியிலுள்ள பீபல்கோட்டியில் தேநீர்க் கடை பெஞ்சியில் அமர்ந்து, மண்வாரும் இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்கிறான். காலவாதியின் அட்டவணை இந்த இடத்தில்தான் முதன்முறையாக மௌனமாகிறது.

உயரப் பிரகரணம்

இரண்டாவது மௌனம் உயரத்தால் நேர்வது. ஜோஷிமடம் சுமார் 1,900 மீட்டர். காங்கரியா சுமார் 3,050. ஹேமகுண்டம் 4,300-க்கும் மேல். 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஓரிரவுக்கும் அடுத்த இரவுக்கும் உறங்கும் உயரத்தில் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது என்றும், மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஏறாமல் தங்க வேண்டும் என்றும் மலை வைத்தியர்கள் விதித்திருக்கிறார்கள். ஹேமகுண்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் என்று வழிகாட்டிப் பலகை கூறுவது உண்மையே ஆயினும், அந்த ஆறு கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறவேண்டியிருப்பதைப் பலகை கூறுவதில்லை, முழங்கால் கூறுகிறது. பிரத்தியட்சம், அநுமானம், சப்தம் ஆகிய பிரமாணங்களோடு முழங்காலையும் நான்காவது பிரமாணமாக இச்சாஸ்திரம் அங்கீகரிக்கிறது. மேலே குருத்துவாரத்தில் ஊற்றிக்கொடுக்கும் சூடான தேநீரும் கிச்சடியும் கைக்கு வரும்போது, “இன்று பிற்பகலே பள்ளத்தாக்கையும்...” என்று எழுதிய காகிதத்தைக் காலவாதி தானாகவே மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்.

இதிகாசப் பிரமாணம்

இவ்விடத்தில் சூன்யவாதி எழுந்து, தமக்குச் சரித்திரச் சான்று உண்டென்பார். 1931-ஆம் ஆண்டில் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தை முதன்முதலாக ஏறி முடித்துத் திரும்பிய பிராங்க் ஸ்மைத் குழுவினர், மழைக்கு ஒதுங்கிப் பியுந்தார் கணவாயைக் கடந்து இறங்கியபோதுதான் இப்பள்ளத்தாக்கில் வந்து விழுந்தார்கள்; அடிவாரத்து மக்கள் ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த இடமே எனினும், வெளியுலகம் அதை அறிந்தது அவர்களால். திட்டமில்லாமல் வந்தவனுக்கன்றோ பூ கிடைத்தது என்பது சூன்யவாதியின் வாதம்.

இது பாதி உண்மை. ஸ்மைத் திட்டமிடாதது பூவை மட்டுமே. கூடாரம், சுமையாள், அரிசி, கயிறு ஆகிய அனைத்தையும் காமெட்டுக்காகச் செவ்வையாகத் திட்டமிட்டிருந்தார். அன்றியும், பூவைப் பார்த்தபின் அவர் மீண்டும் 1937-இல் அதற்காகவே வந்து, அங்கே தங்கித் தாவரங்களைச் சேகரித்து, மறுவருஷம் புத்தகமும் எழுதினார். ஆதலின் ஸ்மைத்தின் ஆசாரத்திலிருந்து கிடைப்பது சூன்யவாதம் அன்று. வயிற்றையும் காலையும் படுக்கையையும் திட்டத்தால் கட்டு, கண்ணைக் கட்டாமல் விடு என்னும் விதியே.

திட்டத்துக்கு மலை தன் பங்காக ஒரு ஷரத்தைச் சேர்க்கும் என்பதற்கு அரசாங்கமே சாட்சி. மலர்களைக் காக்க வேண்டி மேய்ச்சலைத் தடுத்தார்கள். அதன்பின் பாலிகோனம் என்னும் உயர்ந்த செடி தழைத்துப் பரவி மற்றப் பூக்களை நெருக்கவே, அதை ஆள் வைத்துப் பிடுங்கும் வேலை வனத்துறைக்கு வந்தது. மேய்ச்சலை நிறுத்தியதே இதற்குக் காரணமா என்று தாவரவியலார் வாதிட்டிருக்கிறார்கள். ஆட்டின் பல்லை எந்தத் திட்டத்தில் எந்தப் பத்தியில் எழுதியிருக்க முடியும்?

பூர்வபட்சமும் சித்தாந்தமும்

மேற்கூறிய யாவற்றாலும் தேறும் சித்தாந்தம் ஒன்று: மலைப் பிரயாணத் திட்டத்தின் ஜீவநாடி, அதில் ஒன்றும் எழுதாமல் விடப்பட்ட நாளே. மற்ற நாட்களை மனிதர் எழுதுகிறார்கள். அந்த ஒரு நாளை மழையோ மண்சரிவோ முழங்காலோ எழுதிக்கொள்ளும். எவரும் எழுதவில்லையாயின், முதல் நாள் மூடுபனியில் மறைந்துபோன பள்ளத்தாக்கை மறுபடியும் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். வாரத்துக்கு வாரம் பூ மாறும் இடத்தில் அது வீண் அன்று.

ஆயினும், பன்னிரண்டு நாள் எட்டாகச் சுருங்கும்போது எல்லாச் சபைகளும் ஏகமனதாக முதலில் வெட்டுவது இந்த நாளைத்தான். சூன்யவாதிகூட இதற்காகப் பரிந்து பேசுவதில்லை. எல்லா நாளும் வெறும் நாளாக இருக்க வேண்டுமென்பவருக்கு ஒரு நாள் எதற்கு? ஆட்சேபங்கள் மூன்று. விடுதி வாடகை தண்டம் என்பது முதலாவது. சாலை அடைபட்டுத் தவறிய ரயிலுக்கு மறு டிக்கெட் வாங்குவது அதனினும் தண்டம் என்பது சமாதானம். ஆபீஸில் விடுப்பு இல்லை என்பது இரண்டாவது. மலை இறங்கவிடாதபோது அந்த விடுப்பு எப்படியும் எடுக்கப்பட்டே தீரும் என்பது சமாதானம். “சும்மா உட்கார்ந்து என்ன செய்வது?” என்பது மூன்றாவது, இதற்குச் சமாதானம் சொல்லப் புகுந்தவர் எவரும் கூடத்தில் வெற்றி பெற்றதில்லை, ஏனெனில் கேள்வி கேட்டவர் பதில் வருமுன் அடுத்த நாளின் பத்திக்குப் போய்விடுகிறார்.

பிரயோஜனம்

ஆகையால் நடைமுறையில் செய்யத்தக்கது வருமாறு. அந்த நாளை வெறுமையாக விடலாகாது. வெற்றிடத்தைக் கண்டால் காலவாதியின் பேனா தானே இறங்கும். ‘ஓய்வு’ என்றும் எழுதலாகாது. உழைக்கப் பிறந்த வம்சத்தில் அது அவமானமாகக் கருதப்படும். ‘திருப்பிரிதி க்ஷேத்திர வாசம்’ என்று, ஜோஷிமடத்துக்கு நேரே, தெளிவான கையெழுத்தில் எழுதி, அத்தையின் பார்வைக்கு வைத்துவிட வேண்டும். அதன்பின் அந்த நாளைக் காக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொள்வார். அத்தைக்கு எதிராகக் கைதூக்கி ஒரு திவ்ய தேசத்தை அட்டவணையிலிருந்து நீக்கிய காலவாதி எந்தக் குடும்பத்திலும் இல்லை; இருந்தால் அவரை அடுத்த பிரயாணத்துக்கு எவரும் அழைப்பதில்லை.